பெயர் மறந்த விளையாட்டைத் தேடுவது எப்படி?

பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன் கம்ப்யூட்டரில் ஆடிய விளையாட்டு கண்முன் நிற்கும். பெயர் மட்டும் வராது. நம் சங்க அன்பர்கள் பலர் வீட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. பெயர் தெரியாமல் தேடவும் ஒரு வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு பக்கவாதத்தில் என் மனைவிக்கு வலது கை தளர்ந்துவிட்டது. விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். பந்து அமுக்குவதும் பட்டாணி பொறுக்குவதும் இரண்டே நாளில் சலித்துவிட்டன. "என்னங்க, கரக்பூர் குவார்ட்டர்ஸ்ல கட்டையை உருட்டி விளையாடுவோமே, அது கிடைக்குமா பாருங்களேன்" என்றாள். அதற்கு மௌஸ் வேண்டாம், நான்கு அம்புக்குறிப் பொத்தான்கள் போதும். ஆகவே வேறு எதுவும் சரிப்படாது.

மகனிடம் போனில் கேட்டேன். தரை பச்சை என்றான் அவன். இவளோ பழுப்பு என்கிறாள். நிறத்தையும் படத்தையும் பற்றிய சாட்சியம் இப்படித்தான் இருக்கும், நம்பிப் பயனில்லை. சிக்னல் பிரிவில் பழுது என்று தகவல் வந்தால், எதை இயக்கினீர்கள், என்ன நடந்தது, எங்கே நின்றது என்றுதான் கேட்போம். இங்கும் அதே கேள்விகள்தான். எது நகர்கிறது? எப்படி நகர்கிறது? எப்போது தோற்கிறோம்? எப்போது ஜெயிக்கிறோம்?

பதில்கள் தெளிவாக வந்தன. இரண்டு தாயக்கட்டையை ஒட்டியது போன்ற கட்டை. அது சறுக்காது, உருளும். நின்றால் ஒரு கட்டம், படுத்தால் இரண்டு. ஓரம் தாண்டினால் கீழே விழும். சதுரக் குழியில் நின்ற வாக்கில் இறங்கினால் வெற்றி. உடனே ஜப்பானில் 1982-ல் வந்த சோகோபான் அடிபட்டுப்போயிற்று. அதில் ஆள் பெட்டியைத் தள்ளுவான், பெட்டி உருளாது. எனக்கு நினைவிருந்தது சுவிட்சுகள் மட்டும். சிலவற்றைக் கட்டை எப்படித் தொட்டாலும் பாலம் விரியும்; சிலவற்றின் மேல் நிமிர்ந்து நின்றால்தான் விரியும். பாயின்ட் சரியாக அமைந்து பூட்டினால்தான் சிக்னல் இறங்கும் என்கிற இன்டர்லாக்கிங்கில் காலம் தள்ளியவனுக்கு அது மறக்குமா?

உருளும் கட்டை, சதுரக் குழி, பாலம், சுவிட்ச் என்று செயல்களை மட்டும் கொடுத்துத் தேடினேன். பிளாக்ஸார்ஸ் என்று வந்தது. டேமியன் கிளார்க் 2007-ல் செய்தது. 33 நிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்க எண் உண்டு, அதைக் கொடுத்தால் விட்ட இடத்தில் தொடரலாம். அந்த எண்களைப் பால் கணக்கு நோட்டில் குறித்து வைத்ததாக மனைவிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓரிடத்தில் கட்டை இரண்டாகப் பிரியும். ஸ்பேஸ் பாரைத் தட்டி மாற்றி மாற்றி நகர்த்த வேண்டும். கட்டைவிரலுக்கும் வேலை வந்தது என்று பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பரம திருப்தி.

பெயர் கிடைத்தாலும் இத்தகைய பழைய விளையாட்டுகள் எளிதில் ஓடா. இவை ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடியவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் அதைக் கைவிட்டு, 2021 ஜனவரி 12 முதல் ஓடவிடாமலே தடுத்துவிட்டது. சீனாவில் தாலியன் ரயில்வே பணிமனை ஊழியர்கள்கூட அன்று திண்டாடி, ஃபிளாஷின் பழைய பதிப்பை ஏற்றிச் சமாளித்தார்கள். நாம் அப்படிச் செய்யக்கூடாது. பழைய ஃபிளாஷில் பாதுகாப்பு ஓட்டைகள் ஏராளம்.

அதற்குப் பதில் ரஃபிள் என்ற இலவச மென்பொருள் ஃபிளாஷ் போலவே நடித்துப் பல விளையாட்டுகளை ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர் முதல் இதைக் கொண்டுதான் ஃபிளாஷ் விளையாட்டுகளைக் காட்டுகிறது. ஃபிளாஷ்பாயின்ட் என்ற தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். முழுவதையும் இறக்கினால் கம்ப்யூட்டர் நிரம்பிவிடும். வேண்டியதை மட்டும் அவ்வப்போது இறக்கிக்கொள்ளும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.