எந்தக் கல்லூரி வளாகம் அழகு?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் மே, ஜூன் மாதங்களில் இந்த வாதம் தவறாமல் எழும். "நான் படித்த கல்லூரிக்கு ஈடாகுமா?" என்பார் அப்பா. பிள்ளைகளோ முகப்புக் கட்டடத்தின் படத்தைக் காட்டி மயங்குவார்கள். நம் சங்க அன்பர்களிடையேயும் இதில் பல கட்சிகள் உண்டு. கட்டடத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்.

வளாகத்தின் அழகு முகப்பில் இல்லை. விடுதியிலிருந்து வகுப்பறைக்குப் பிள்ளைகள் தினமும் நடக்கும் வழியில் இருக்கிறது. வெயிலுக்கு நிழல், மழைக்கு ஒதுங்க இடம், நான்கு பேர் உட்கார்ந்து பேச ஒரு திண்ணை. இவை இருந்தால் அழகு தானே வந்து சேரும்.

நம் பெங்களூரிலேயே சான்று உண்டு. பன்னர்கட்டா சாலையிலுள்ள ஐ.ஐ.எம். வளாகத்தை வடிவமைத்தவர் பாலகிருஷ்ண தோஷி. 2018-இல் பிரிட்ஸ்கர் விருது பெற்றவர். அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர். பழைய இந்திய நகரங்களையும் கோயில்களையும் மனத்தில் கொண்டு, கருங்கல் சுவர்களும் முற்றங்களும் நீண்ட நடைகளுமாக அமைத்தார். சில நடைகளுக்கு முழுக்கூரை, சிலவற்றுக்கு வெறும் சட்டங்கள். அவற்றின் வழியே வெளிச்சம் கோடு கோடாக விழும். மதுரைக் கோயில் பிரகாரங்களைச் சுற்றி வந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இராது.

நிழலைக் கட்டவும் செய்யலாம், வளர்க்கவும் செய்யலாம். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியபோது, கிடைத்த நிலம் பெரும்பாலும் வறண்ட புதர்க்காடுதான். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்சும் அவர் மனைவி ஆலிசும் முன்னின்று மரங்களை வளர்த்தார்கள். இன்று அங்கே நடப்பவர்கள் அனுபவிப்பது அன்று பிறர் ஊற்றிய தண்ணீரின் பயன்.

அழகாகக் கட்டிவிட்டால் மட்டும் போதாது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்தார். பெரிய வட்டத் திறப்புகள் கொண்ட அதன் செங்கல் சுவர்களைக் காண உலகெங்கிலுமிருந்து மாணவர்கள் வருகிறார்கள். ஆனால் செங்கல் அரித்தது, நீர்க்கசிவு வந்தது, 2001 நிலநடுக்கமும் சேதப்படுத்தியது. 2020 டிசம்பரில், 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் எதிர்க்கவே, 2021 ஜனவரியில் அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் 2022-இல், பழுதடைந்த கட்டடங்கள் சிலவற்றை மீண்டும் கட்டும் முடிவு வந்தது. ஒழுகும் அறையில் பிள்ளைகளைத் தங்க வைக்க முடியாது என்பதும் நியாயம்தான். ஆரம்பத்திலிருந்தே பராமரிப்புக்குப் பணமும் கவனமும் ஒதுக்காவிட்டால், பிறகு இரண்டு நியாயங்கள் மோதிக்கொள்ளும், அழகுதான் தோற்கும்.

எனவே பெற்றோருக்கு ஒரு யோசனை. கல்லூரி பார்க்கப் போகும்போது வாசலில் நின்று புகைப்படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். பகல் ஒரு மணிக்கு விடுதியிலிருந்து வகுப்பறை வரை பிள்ளையோடு நடந்து பாருங்கள். மரத்தடியில் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, ஒழுகிய சுவரைச் சீர்செய்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் அதுதான் ஊர்.

என் வாக்கு பன்னர்கட்டா சாலைக்கு. மாற்றுக் கட்சிக்காரர்கள் அடுத்த இதழுக்கு எழுதலாம்.