முதுகில் மூட்டை, கையில் கணக்கு நோட்டு!

இத்தாலி என்றால் உங்களுக்கு பீட்ஸா ஞாபகம் வரலாம். என்னைப் போல பி.காம். படித்தவர்களுக்கு டெபிட் - கிரெடிட்தான் ஞாபகம் வரணும். பரீட்சையில் நம்மைப் படாதபாடு படுத்திய இரட்டைப் பதிவுக் கணக்கை முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கியவர் லூகா பாச்சோலி என்ற இத்தாலியத் துறவி. வருஷம் 1494, அச்சான ஊர் வெனிஸ். துறவிக்கு எதுக்கு சார் லாப நஷ்டக் கணக்கு?

2025-ல் நானும் என் மனைவியும் ஆளுக்கொரு முதுகுப் பையோடு ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று பத்து நாள் சுற்றினோம். விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ். போதாததற்கு பேங்க் ஸ்டேட்மென்ட் வேறு. பெண் பார்க்கப் போனபோது மாமனார்கூட இவ்வளவு கேட்கவில்லை!

ரோமில் குடிதண்ணீர் ஓசி. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய். பெயர் நாஸோனி, 'பெரிய மூக்கு' என்று அர்த்தம். "மூக்குத் தண்ணியா?" என்று முகம் சுளித்த அம்மணி, மத்தியான வெயிலில் பாட்டிலோடு முதல் ஆளாக நின்றாள். காபியையும் கவுன்ட்டரில் நின்றபடி குடித்துவிட்டால் ஒன்றேகால் யூரோவோடு போச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டால் ரேட் எகிறும். கையேந்தி பவனில் தேறின நமக்கு நிற்கச் சொல்லித் தரணுமா என்ன?

பாந்தியனுக்கு அப்போது டிக்கெட் 5 யூரோ. சுமார் 1,900 வருஷத்துக் கட்டடம். 43 மீட்டர் அகலத்துக்கு கான்கிரீட் கூரை, ஒரு கம்பிகூட இல்லாமல்! அந்த ரகத்தில் இன்றைக்கும் உலகத்திலேயே பெரிசு இதுதான். உச்சியில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை. மழை உள்ளே பெய்தால் வடிய, தரையில் துளைகள். நாங்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டில் ஓட்டையே இல்லாமல் மழை பெய்கிறது. பில்டர் பெயர் வேண்டாம்.

ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்றரை மணி நேரம். விமான டிக்கெட் மாதிரி, கடைசி நேரத்தில் வாங்கினால் விலை தாளிக்கும். உள்ளூர் ரயிலில் என்றைக்கு வாங்கினாலும் ஒரே விலை. நாலு மணி நேரம் ஆடி அசைந்து போகும். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் பிளாட்ஃபாரத்து மெஷினில் முத்திரை குத்தியாக வேண்டும். மறந்தால் அபராதம்.

ஃப்ளாரன்ஸ் வட்டிக்கடைக்காரர்கள் அழகு செய்த ஊர். மெடிசி குடும்பம் 1397-ல் பேங்க் ஆரம்பித்தது. அந்தக் காசில்தான் சிற்பியும் ஓவியனும் சாப்பிட்டார்கள். பேங்க் மூழ்கியது 1494-ல். ஆமாம், பாச்சோலியின் புத்தகம் வந்த அதே வருஷம்! மைக்கேலாஞ்சலோவின் அசல் டேவிட் சிலைக்கு டிக்கெட், க்யூ எல்லாம் உண்டு. அது முன்பு நின்ற சதுக்கத்தில் 1910 முதல் நிற்கும் நகலுக்கு எதுவும் கிடையாது. "ரெண்டுக்கும் வித்தியாசம் என்னங்க?" என்றாள். டிக்கெட் காசுதான் என்றேன். மறுநாள் அசலைப் பார்க்க இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெனிஸில்தான் சண்டை. தீவுக்குள் வாடகை அதிகம்; பத்து நிமிஷ ரயில் தூரத்தில் மெஸ்த்ரேயில் தங்கலாம் என்பது என் கட்சி. "தண்ணிக்கு நடுவுல ஒரு ராத்திரியாவது தூங்கணும். அப்புறம் ஆயுசுக்கும் சாம்பார் வெச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். இதற்கு எந்த பி.காம்.காரனிடம் பதில் இருக்கு? பழைய வீடு ஒன்றின் மூன்றாவது மாடியில் அறை எடுத்தோம். கார் கிடையாது, ஆட்டோ கிடையாது. நானூறுக்கும் மேல் பாலங்கள், முக்கால்வாசியில் படிக்கட்டு. சக்கரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திணறியவர்களைப் பார்த்தபோது முதுகுப் பைக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது.

கோண்டோலா அரை மணிக்கு 90 யூரோ. அதே ஜாதிப் படகில், பெரிய கால்வாயைக் கடக்க மட்டும் 2 யூரோ. இரண்டு நிமிஷம். "ஹனிமூன் முடிஞ்சுதா?" என்றாள் கரையிறங்கியதும்.

கூட்டத்தைக் குறைக்க 2024 முதல் குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் வந்து திரும்புகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் போடுகிறார்கள். தங்குகிறவர்களுக்கு அது இல்லை. இரவு வரி உண்டு. சாயங்காலம் பகல் கூட்டம் ரயிலேறிப் போனதும் ஊர் சட்டென்று காலி. ரியால்டோ பாலம் பக்கம் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மின்சார எண் பலகை. மருந்து விலை இல்லை. தீவில் மிச்சமிருக்கும் குடியிருப்போர் எண்ணிக்கை. 2008-லிருந்து காட்டுகிறார்கள். 1951-ல் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் இருந்த ஊர். நாங்கள் பார்த்தபோது ஐம்பதாயிரத்துக்கும் கீழே. வீடுகளை எங்களைப் போன்றவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் வருமானம் அதிகம். உள்ளூர்க் குடித்தனக்காரர் எங்கே போவார்? பாலம் தாண்டி மெஸ்த்ரேக்குத்தான்.

"நம்ம ரூம்லயும் முன்னாடி ஒரு குடும்பம் இருந்திருக்கும்ல?" என்றாள்.

திரும்பி வந்ததும் வாசலில் காலிங்பெல் பலகையைப் பார்த்தேன். ஆறு பொத்தான். இரண்டில் மனிதர்கள் பெயர். மற்ற நாலிலும், எங்களுடையதில் உள்பட, வெறும் நம்பர்.