கிணற்று நீரில் எண்ணெய் கலந்துள்ளதா என அறிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை செம்பாட்டு மண்ணினூடே வடிந்து, அதன் கீழுள்ள சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. இந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்பதாகும். வெங்காயம், மிளகாய், மரக்கறி யாவும் இதனையே நம்பியுள்ளன. மண்ணின் ஆழம் குறைந்த இடங்களில், மேலே சிந்தும் பொருள் போதிய அளவு வடிகட்டப்படாமலே நீரைச் சென்றடையும்.

இதன் விளைவைச் சுன்னாகத்திற் கண்டோம். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அங்குள்ள மின்னுற்பத்தி நிலையத்தின் சூழலிற் பல கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். குடிநீரைப் பவுசர்களிற் கொண்டுசென்று கொடுக்க நேர்ந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்பிரலிலே இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. ஆயினும் மின்னிலையம் மாத்திரமே கிணற்றைக் கெடுக்கும் என்று எண்ணுதல் தவறு. எரிபொருள் விற்பனை நிலையத்தின் நிலக்கீழ்த் தாங்கி, வாகனந் திருத்தும் இடம், கிணற்றுக்கட்டில் வைத்த மண்ணெண்ணெய்ப் பீப்பா ஆகியனவும் அதனைச் செய்யவல்லன.

நிலத்துட் புதைத்த இரும்புத் தாங்கி துருப்பிடித்துத் துளித்துளியாக ஒழுகுமாயின் அதனை எவரும் எளிதிற் காணார். எண்ணெய் மண்ணினூடே இறங்கி, நீர்மட்டத்தை அடைந்ததும் நீரிலும் இலேசானதாகையால் அதன்மேற் படர்கின்றது. ஒரு பகுதி நீரிற் கரையும். பெற்றோலில் உள்ள பென்சீன் இவ்வாறு கரைவது; நிறமற்றது; புற்றுநோயை உண்டாக்குவது. குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல். அஃதாவது ஓர் இலட்சம் லீற்றர் நீரில் ஒரு கிராம். இவ்வளவை மூக்கு அறியாது. ஆகவே மணமில்லை என்பதனால் நீர் நல்லதென்று துணியவேண்டாம்.

நீரின்மேல் வானவில் நிறத்திற் படலம் தோன்றினால் ஒரு தடியால் அதனைக் கலைத்துப் பாருங்கள். ஓடு உடைவதுபோலத் துண்டுதுண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்தினால் உண்டாகும் படலமாகும். நெல்வயல்களிலும் வாய்க்கால்களிலும் இதனை அடிக்கடி காணலாம், அஞ்சவேண்டியதில்லை. கலைத்த படலம் சுழன்று மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய் என ஐயுறுக. அத்தகைய நீரைப் பயிருக்குப் பாய்ச்சலாகாது. எண்ணெய் மண்ணிற் படிந்து, வேருக்குக் காற்றும் நீரும் செல்வதைத் தடுக்கும்.

எண்ணெய் எத்திசையிலிருந்து வருகின்றதென அறிதற்கு மூன்று கிணறுகள் வேண்டும். அவை ஒரே நேர்கோட்டில் அமையாதிருத்தல் நன்று. அதிகாலையில், அயலில் எவரும் நீர் இறைக்குமுன், ஒரே மட்டத்திலிருந்து மூன்றின் நீர்மட்டத்தையும் அளத்தல்வேண்டும். கிணற்றுக்கட்டுக்களின் உயரம் வேறுபடுமாதலால், நீர் நிரப்பிய தெளிவான குழாயினாற் பொதுமட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்தை நோக்கிச் செல்லும். சுண்ணாம்புக்கல்லிலோ வெடிப்புக்களின் வழியே அது எதிர்பாராத பக்கமும் ஓடுமாகையால், இக்கணிப்பை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. அன்றியும், ஒரு கிணற்றில் மிகுதியாக இறைத்தால் அயலிலுள்ள எண்ணெய் அதனை நோக்கி இழுபடும்.

ஒருமுறை சோதித்தமை போதாது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது எண்ணெய் பாறையில் ஒட்டி நிற்கும். மழையில் நீர் உயர்ந்ததும் மீண்டும் வெளிப்படும். ஆதலின் ஆவணியில் ஒரு முறையும், மார்கழி மழைக்குப் பின்னர் ஒரு முறையும் மாதிரி எடுப்பது தக்கது. சோதனைச் சாலையிலிருந்து பெற்ற கண்ணாடிப் போத்தலையே பயன்படுத்துக. காற்றுக்குமிழி இல்லாதபடி விளிம்புவரை நிரப்பி மூடி, கிணற்றின் இடத்தையும் திகதியையும் நேரத்தையும் எழுதி, வெயில் படாது குளிரில் வைத்து அன்றே ஒப்படைத்தல்வேண்டும். எண்ணெயில் இயங்கும் யந்திரத்தைத் தொட்ட கையுடன் போத்தலைத் தொட்டால் சோதனையே கெட்டுவிடும்.

கொதிக்கவைத்தால் இந்நீர் தூய்மையாகும் என்பது சிலர் கொள்கை. அது பிழை, ஆவி சமையலறையிற் பரவுமேயன்றிப் பயனில்லை. குளோரீன் இடுவதும் எண்ணெயை நீக்காது. எண்ணெய் மணக்கும் கிணற்றினுள் விளக்குடன் எட்டிப்பார்ப்பதோ, இறங்குவதோ உயிருக்கே ஆபத்தாகும்.

ஐயம் உண்டாயின் அக்கிணற்றில் இறைப்பதையும் குடிப்பதையும் நிறுத்தி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கும் உடனே அறிவியுங்கள். நீர் இறைக்கும் யந்திரத்தின் கீழ் ஒரு தகரத் தட்டை வைத்து, ஒழுகும் எண்ணெயை அதில் ஏந்துங்கள். எரிபொருளைக் கிணற்றடியில் வையாது, தொலைவிலே சீமெந்துத் தரையுள்ள கொட்டிலில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் எடுத்துச்செல்லுங்கள்.