தங்கத் தகடு சொல்லும் ரகசியம்!

கையில் கொசு உட்கார்ந்தால் நமக்குத் தெரிகிறது. தூசி உட்கார்ந்தால் தெரிவதில்லை.

அந்தத் தூசியைவிடப் பல கோடி மடங்கு எடை குறைந்தவை புரதங்கள். அவை வந்து ஒட்டுவதைக்கூட ஒரு கருவி கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறது. ஒளியைக் கொண்டுதான் சொல்கிறது!

புரதம் என்றால் பருப்பிலும் முட்டையிலும் உள்ள சத்துதானே என்பீர்கள். ஆம். ஆனால் நம் உடம்புக்குள்ளும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று ஒட்டுவதும் பிரிவதுமாக இருப்பதால்தான் உடம்பு இயங்குகிறது.

நோயும் அந்த வழியில் வருவது உண்டு. கொரோனா கிருமியின் மேல் முள் போல நீட்டிக்கொண்டு இருப்பது ஒரு புரதம். நமது செல்லின் மேல் ஏ.சி.இ.2 என்ற புரதம் இருக்கிறது. முள் அதில் ஒட்டிக்கொண்டால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரிதான்.

இருண்டு போகும் ஒளி

கருவியில் இருப்பது ஒரு சிறிய கண்ணாடித் தகடு. அதன் ஒரு பக்கத்தில் தங்க முலாம். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது, அவ்வளவு மெல்லிய முலாம். தங்கம் என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு குன்றிமணி எடைத் தங்கம் இருந்தால், நகம் அளவுள்ள ஆயிரம் தகடுகளுக்குப் பூசிவிடலாம்!

கண்ணாடிப் பக்கமிருந்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுகிறார்கள். அது தங்கத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திரும்பி வருவதில்லை. தங்கம் அதை விழுங்கிவிடுகிறது. அந்த இடம் இருட்டாகத் தெரியும்.

தங்கத்தின் மறு பக்கத்தில் ஒரு புரதத்தை ஒட்டி வைக்கிறார்கள். அதன் மேல் இன்னொரு புரதம் கலந்த நீரை ஓடவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் இருட்டுக் கோணம் சற்றே நகருகிறது. வெறும் நீரைவிட்டுக் கழுவினால், பிரியப் பிரியப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. எத்தனை வேகத்தில் ஒட்டுகிறது, எத்தனை நேரம் விடாமல் பிடித்திருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிடுகின்றன. மருந்து செய்கிறவர்களுக்கு இதுதான் வேண்டும். ஒட்டிய உடனே கழன்றுவிடும் மருந்தால் என்ன பயன்?

உலோகத்தில் பட்ட ஒளி இப்படி விசித்திரமாக இருள்வதை, 1902-ல் அமெரிக்க விஞ்ஞானி வுட் கவனித்தார். 1983-ல் சுவீடன் நாட்டில் லிங்கோப்பிங் நகர விஞ்ஞானிகள் அதைக் கொண்டு புரதங்கள் சேர்வதை அளந்தார்கள். 1990-ல் அதே நாட்டிலிருந்து 'பயாகோர்' கருவி விற்பனைக்கு வந்தது.

சூடு பட்டாலும் நகரும்!

இந்தக் கருவி காட்டும் ஓர் அலகு, ஒரு டிகிரி கோணத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எடைக் கணக்கில் சொன்னால், ஒரு கிராமை லட்சம் கோடி பங்கு போட்டு, அதில் ஒரு பங்கை ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் வைத்ததற்குச் சமம்!

தொல்லையும் இங்கேதான். நீரின் சூடு ஒரு டிகிரி மாறினாலே சுமார் நூறு அலகு நகர்ந்துவிடும். சின்ன மருந்துப் பொருள் ஒட்டினால் வருவதோ பத்து அலகு அளவுக்குத்தான். எது மருந்து, எது சூடு?

அதற்காகப் பக்கத்திலேயே புரதம் ஒட்டாத இன்னொரு தடத்தை வைக்கிறார்கள். அதே நீர் அதிலும் ஓடும். சூட்டினால் வரும் நகர்ச்சை இரண்டிலும் ஒன்றுதான். இதிலிருந்து அதைக் கழித்தால் மீதி நிற்பது, ஒட்டியதன் கணக்கு.

பத்தா? நாலா?

அப்படியும் கணக்கு வேறுபடுவது உண்டு. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் விஞ்ஞானிகள், புதிய கொரோனாவின் முள் பழைய சார்ஸ் கிருமியைவிடப் பத்து முதல் இருபது மடங்கு இறுக்கமாக ஒட்டுகிறது என்றார்கள். மறு மாதமே சியாட்டில் நகர விஞ்ஞானிகள், வேறு வகை ஒளிக் கருவியில் அளந்து, சுமார் நாலு மடங்குதான் என்றார்கள்!

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கருவி வேறு. அளந்த துண்டும் வேறு. இரு சாராரும் ஒத்துக்கொண்டது ஒன்று: புதிய கிருமியின் பிடி பலமானது.

ஒரு தடவை அளந்ததும் தகட்டைத் தூக்கி எறிவதில்லை. பெரும்பாலும் அமிலம் கலந்த நீரால் கழுவி மறுபடியும் உபயோகிக்கிறார்கள். கழுவும்போது ஒட்டி வைத்த புரதமே கெட்டுப் போகலாம். அதனால், முதலில் அளந்ததையே கடைசியில் இன்னொரு முறை ஓடவிட்டு அளக்கிறார்கள். அதே எண் வந்தால்தான் அன்றைய கணக்கை நோட்டில் ஏற்றுகிறார்கள்.