ஜொகூருக்கும் ஓர் இலையுதிர் காலம் இருந்தது

மெல்பர்னில் படிக்கும், எங்களில் ஒருவரின் பேத்தி அனுப்பிய படம் கைமாறிக்கொண்டே வந்தது. சாலையின் இரு பக்கமும் மரங்கள். மஞ்சள், காவி, செங்கல் நிறம். உதிர்ந்த இலைகளுக்கு நடுவில் பேத்தி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். ஜொகூரின் குளுவாங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டின் முன்கூடத்தில் நாங்கள் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தோம். மே முதல் தேதி, தொழிலாளர் தின விடுமுறை. 1970-இல் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள் நாங்கள். எல்லாருக்கும் அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மேசையில் பீசாங் கோரெங், ஆறிக்கொண்டிருக்கும் தேநீர்.

படம் வீட்டுக்கார நண்பனின் அம்மாவிடம் போனது. தொண்ணூறு கடந்தவர். கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம வெட்டுக்காடு இல்ல?"

பால் வெட்டும் ரப்பர்க் காட்டைத்தான் சொன்னார். யாரும் திருத்தவில்லை. படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தபோது எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஜொகூரில் ஏது இலையுதிர் காலம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பூமத்திய ரேகைக்கு இத்தனை பக்கத்தில், ஆண்டு முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறிக் கொட்டும் மாநிலம் இது. ஆனால் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி, மார்ச் வாக்கில், பால்மரம் தன் இலையை எல்லாம் கொட்டிவிடும். மூன்று மூன்றாய் ஒரே காம்பில் நிற்கும் இலைகள் முதலில் மஞ்சளாகும், பிறகு செம்பு நிறமாகும், பிறகு காற்றே இல்லாத காலையிலும் தானாக இறங்கும். வடக்கே கெடாவில் வறட்சி தெளிவாக இருப்பதால் காடே ஒரே மூச்சில் மொட்டையாகும் என்பார்கள். ஜொகூரில் இடையிடையே மழை விழுவதால் அப்படி ஒழுங்காக நடக்காது. ஒரு நிரை மொட்டையாக நிற்கும், அடுத்த நிரை இன்னும் பச்சையாக இருக்கும், அதற்கடுத்ததில் தளிர் விட்டிருக்கும். ஒரே காட்டில் மூன்று பருவம்.

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்தது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலை உதிர்வதன் பேரில் ஒரு பருவம் அதில் இல்லை. மாசியும் பங்குனியும் அங்கே பின்பனி. எங்களுக்குப் பனியும் இல்லை, பின்பனியும் இல்லை. 'எல கொட்டுற மாசம்' என்றுதான் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சொல்வார்கள். 'இலையுதிர் காலம்' என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில்தான் முதலில் பார்த்தோம். அது குளிர் நாடுகளில் வருவது என்று ஒருவன் வாசித்து முடித்ததும், எங்கள் ஆசிரியர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "சன்னலுக்கு வெளியே பாருங்க" என்றார். வெளியே இலை விழுந்துகொண்டிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, அன்று கூடியிருந்த பதினொரு பேரில் ஏழு பேருக்கு அந்த ஒரு வாக்கியம் நினைவிருந்தது. அவர் நடத்திய மற்றப் பாடம் எதுவும் எனக்கு நினைவில்லை.

தோட்டம் இருட்டானது. இலை மூடிய காலத்தில் நடுப்பகலிலும் வெட்டுக்காட்டுக்குள் சாயங்காலம் போலிருக்கும். இலை கொட்டினால் வெளிச்சம் உள்ளே இறங்கிவிடும். எங்கள் லயத்து வாசலில் நின்றால் மற்ற நாளில் தெரியாத மாரியம்மன் கோயில் தெரியும், மேட்டில் துரை பங்களாவின் கூரை தெரியும், அதற்கும் அப்பால் குனோங் லம்பாக் மலை தெரியும். செருப்பில்லாத கால்கள் சருகில் நடக்கும் சத்தம் பள்ளி வரை கேட்கும். பள்ளி முற்றத்தைக் கூட்டிக் குவிக்கும் வேலை ஆறாம் வகுப்புக்கு. குவித்ததில் பாய்ந்து கலைக்கும் வேலையை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

பெண்பிள்ளைகள் நல்ல இலையாகப் பொறுக்கி, பழைய பால் டின்னில் தண்ணீர் ஊற்றி ஊறப் போடுவார்கள். சில வாரத்தில் சதை அழுகிக் கழன்றுவிடும். நரம்பு மட்டும் வலையாக, கொசுவலைத் துணி போல மிஞ்சும். அதைக் காயவைத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். ஆண்பிள்ளைகளின் விளையாட்டு ரப்பர் விதை. அது இலை கொட்டுகிற மாசத்தில் வராது. தளிரும் பூவும் வந்து, காய் முற்றி, ஆகஸ்டு வாக்கில் வெயிலில் பட்டென்று வெடிக்கும்போதுதான் விதை சிதறும். பழுப்பில் புள்ளி போட்ட அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைப்போம். அன்று மேசையில் ஒருவன் சட்டைக் கையை மடக்கி, வடு இன்னும் இருக்கிறது என்று காட்டினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருக்கிறது என்று சொன்னேன்.

இப்படி ஆண்கள் நாங்கள் நிறத்தையும் சத்தத்தையும் பேசிக்கொண்டே போனோம். நண்பனின் அம்மா இடைமறித்தார்.

"உங்களுக்கு வெளையாட்டு. அந்த மாசம் வந்தா எனக்கு வயித்துல புளியக் கரைக்கும்."

இதைத்தான் நான் எழுத வேண்டும் என்று நினைத்து வந்தேன். அதை அவரே சொல்லிவிட்டார். மரம் தன் சத்தையெல்லாம் புதுத் தளிருக்குக் கொடுக்கும் நேரம் அது. பால் குறைந்துவிடும். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் முந்நூறு நானூறு மரம் வெட்டினாலும் பால் பிடிக்கும் மங்கில் அடிமட்டம்தான் நனையும். சில நிரையை ஓய்வுக்கு விட்டுவிடுவார்கள். தளிர் வந்ததும் அதைச் சாம்பல் நோய் பிடிக்கும். அதற்குக் கந்தகப்பொடி தூவ வேண்டும். பாலுக்குத் தக்க கூலி வாங்கும் குடும்பத்தில் இத்தனையும் நேராகச் சோற்றுப் பானையில் வந்து விழும்.

வரிசையைப் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் பருவமழை. மரம் நனைந்தால் பாசா, அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஜனவரியில் பள்ளி திறக்கும். புத்தகப் பை, வெள்ளைக் காலணி. அதன் பின்னாலேயே தைப்பூசம். கடைப் பற்றை அடைக்கலாம் என்று நிமிரும்போது இலை கொட்டத் தொடங்கும். "வருசா வருசம் என் தோடு அடகுக் கடையில பங்குனி வரைக்கும் இருக்கும்" என்றார் அம்மா. எங்கள் தோட்டத்துத் திருவிழா சித்திரையில்தான் நடக்கும். ஏன் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. தளிர் முற்றிப் பால் திரும்பினால்தானே கையில் காசு?

மகன்கள் அழகென்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பருவத்தை அம்மாக்கள் பசி என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் மெய். தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும் எங்கள் தலைமுறை முதல் பாதியை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை என்பது என் கருத்து.

இந்த மரமே இந்த மண்ணுக்கு வந்ததுதான். ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து 1876-இல் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டப் பொறுப்புக்கு வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அதற்குப் பிறகுதான் மிளகும் கம்பீரும் விளைந்த ஜொகூர்க் காடுகள் ரப்பர்க் காடாயின. வெட்டுவதற்குக் கங்காணிகள் சேலத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஆள் கொண்டுவந்தார்கள். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள் ஏற்றுமதியைத் தடுத்தது. அந்த அம்மா அதற்குச் சற்று முன்னால் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். ஊர் எது என்று கேட்டால் நாமக்கல் பக்கம் என்பார். அங்கே வாழ்ந்த ஒரு நாளும் அவருக்கு நினைவில்லை.

எங்கள் வகுப்பில் 1970 ஜனவரியில் 23 பேர் இருந்தோம். ஆண்டு முடிவில் 18 பேர்.

1969 மே இனக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. நீல அடையாள அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை மற்றவர்களுக்கு. முப்பது ஆண்டு இதே மண்ணில் பால் வெட்டியும், மனுப் போடத் தெரியாததாலோ, பிறப்புச் சான்று கையில் இல்லாததாலோ, சிவப்பு அட்டையோடு நின்றுவிட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரே வீட்டில் புருசனுக்குச் சிவப்பு, பெண்டாட்டிக்கு நீலம் என்றும் இருந்தது. அந்தக் காலத்தில் நாட்டைவிட்டுப் போன இந்தியர்கள் 60,000 பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். எங்கள் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் பெற்றோரோடு சிங்கப்பூர் போய் இந்தியாவுக்கு ரஜூலா கப்பல் ஏறினார்கள். தகரப் பெட்டியோடு லாரியின் பின்னால் உட்கார்ந்து போனதைப் பார்த்தோம். முதல் குடும்பம் போன அன்று செம்மண் சடக்கு முழுக்கச் சருகு கிடந்தது.

அந்த ஐவரில் ஒருத்தி மட்டும் சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்தாள். உறவினர் வழியாக எண் தேடிப் பிடித்தோம். துறையூருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். நாங்கள் கூடிய அன்று கைபேசியில் அழைத்துப் பேச வைத்தோம். முகம் தெரிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் அழவில்லை. நேராகக் கேட்டாள்:

"எல கொட்டி முடிஞ்சிருச்சா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வீட்டுக்காரன்தான் சொன்னான். "அங்க இப்ப பால்மரம் இல்ல புள்ள. எல்லாம் செம்பனை."

எண்ணெய் எடுக்கும் செம்பனை இலை உதிர்ப்பதில்லை. குலை அறுக்கும்போது மட்டையை வெட்டினால்தான் கீழே விழும். ஆண்டில் எந்த மாதத்தில் போய்ப் பார்த்தாலும் ஒரே கறும்பச்சை. அறுபதுகளிலேயே தோட்டங்கள் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நடத் தொடங்கிவிட்டன. தொடக்கத்தில் அதன் பூவுக்கு மகரந்தம் தூவும் வேலையைப் பெண்கள் கையால் செய்தார்கள். 1981 பிப்ரவரியில், காமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டினத்தை இதே குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் பறக்க விட்டார்கள். வண்டு பரவியது, விளைச்சல் ஏறியது, அந்தப் பெண்களின் வேலை போனது. ரப்பரைவிடச் செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். லயங்கள் காலியாயின. 1977-இல் துறைமுகம் திறந்த பாசிர் கூடாங்குக்கும், மாசாய், ஸ்கூடாய்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் எங்கள் ஆட்கள் சிதறினார்கள்.

எங்கள் லயம் இருந்த இடத்தை நாங்களே கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று காலை மூன்று காரில் போய்த் தேடினோம். கோயில் மட்டும் நிற்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டு, இங்கே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், இங்கே பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகை, இங்கே கணக்கர் கிராணியின் வீடு என்று பனை வரிசைக்கு நடுவில் நின்று கை நீட்டினோம். இரண்டு பேர் இரண்டு திசையைக் காட்டினார்கள். இப்போது அங்கே வேலை செய்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எங்களை ஒரு மாதிரி பார்த்தான். எங்கள் அப்பாக்களும் ஒரு காலத்தில் அப்படி வந்தவர்கள்தான். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாயா என்று மலாயில் கேட்டேன். மாதம் தவறாமல் என்றான்.

பள்ளிகளின் கதையும் இதுதான். சுதந்திரம் பெற்ற 1957-இல் மலாயாவில் 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-ஐச் சற்றுத் தாண்டும். பிழைத்தவற்றில் பல, தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு வந்துவிட்டன. பெயரில் மட்டும் தோட்டத்தைச் சுமக்கின்றன. ஜொகூர் பாரு வட்டாரத்தில் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி, தெப்ராவ் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பெயர்களை நகரத்துப் பிள்ளைகள் சட்டையில் அணிந்து போகிறார்கள். தோட்டம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சாயங்காலம் கிளம்பும்போது ஒருத்தி பழைய பாடப் புத்தகம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். நடுவில் அந்த வலை இலை இருந்தது. பழுப்பேறி, ஓரம் உடைந்து, நரம்பு மட்டும். அம்மா அதைத் தொடவில்லை. பார்த்துவிட்டு, "பால் ரொம்ப கொறஞ்ச வருசம் அது" என்றார். எந்த வருடம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஜொகூரில் இதைப் படிப்பவர்கள், உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ வெட்டுக்காட்டு நினைவு இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். நிரை எண், தண்டல் பெயர், கடைப் பற்று, அடகு வைத்த நகை, எல்லாவற்றையும் எழுதுங்கள். நாங்கள் ஐம்பது ஆண்டு தாமதித்துவிட்டோம்.

தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1970 வாக்கில் மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பம் உங்கள் தெருவில் இருக்கலாம். எந்தத் தோட்டம், எந்த லயம், பள்ளியில் கூடப் படித்தது யார் யார் என்று கேட்டு வையுங்கள். இங்கே அவர்களைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் நான்கு பேர் இன்னும் கிடைக்கவில்லை.