போர்பன் தெருவைத் தாண்டி வாருங்கள்

நியூ ஆர்லியன்ஸுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் போர்பன் தெருவிலேயே இரவுகளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். வண்ண விளக்கு, இரைச்சல், பிளாஸ்டிக் கோப்பையில் மது எல்லாம் அங்கே தாராளம். ஆனால் இந்த ஊரின் ருசியும் தாளமும் பிறந்த இடம் பக்கத்தில் இருக்கிறது. ராம்பார்ட் தெருவைக் கடந்தால் ட்ரெமே. அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று. பயணத்தை அங்கே தொடங்குங்கள்.

அதன் விளிம்பில், லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் காங்கோ சதுக்கம் இருக்கிறது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிச் சந்தை போட்டு, மேளம் கொட்டி ஆடிய திடல் அது. ஜாஸின் வேர் தேடுகிறவர்கள் முதலில் நிற்க வேண்டிய மண்.

அங்கிருந்து ஆர்லியன்ஸ் அவென்யூ வழியே போனால் டூக்கி சேஸ் உணவகம். 1941இல் தொடங்கியது. அதன் சமையலறையைப் பல பத்தாண்டுகள் ஆண்டவர் லியா சேஸ். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைச் சட்டம் தடுத்த காலத்தில், இந்த வீட்டு மாடியில் சிவில் உரிமைப் போராளிகள் இரு இனத்தவருமாகக் கூடித் திட்டமிட்டார்கள். கீழேயிருந்து அவர்களுக்குக் கம்போ என்ற குழம்பு போனது. 2005இல் கத்ரீனா புயல் வெள்ளம் உணவகத்தை மூழ்கடித்தது. 2007இல் மீண்டும் திறந்தார்கள். லியா 2019இல் தம் 96ஆவது வயதில் மறைந்தார். குடும்பத்தார் அடுப்பை அணையவிடவில்லை.

கம்போவை அவசரமாகச் சாப்பிடாதீர்கள். மாவைக் கொழுப்பில் கரும்பழுப்பாகும் வரை கிளறுவது பிரெஞ்சு வழி. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும் அந்தக் குழம்பைக் கெட்டியாக்கும் வெண்டைக்காய் ஆப்பிரிக்கா தந்தது. சஸ்ஸஃப்ராஸ் இலைப்பொடி சோக்டா பழங்குடிகள் தந்தது. நண்டு, இறால், தொத்திறைச்சி எல்லாம் சேர்ந்து சோற்றின் மேல் வந்து விழும்போது, இந்த நகரத்தின் முந்நூறு ஆண்டு வரலாறு ஒரே கிண்ணத்தில் இருக்கிறது. இதைவிட நேர்மையான வரலாற்றுப் பாடத்தை நான் அறியேன்.

திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். முன்பு திங்கள்தான் துணி துவைக்கும் நாள்; ஞாயிறு சமைத்த பன்றித்தொடையின் எலும்பைப் பீன்ஸோடு போட்டு அடுப்பில் வைத்துவிட்டால், துவைத்து முடிப்பதற்குள் தானே வெந்துவிடும். துவைக்கும் கஷ்டம் போனாலும் வழக்கம் போகவில்லை.

காபிக்கு, 1862 முதல் நடக்கும் கஃபே டு மோண்ட். சிக்கரி கலந்த காபியில் சூடான பால் ஊற்றித் தருவார்கள். சிக்கரி கலந்த ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த நமக்கு முதல் மிடறே பழகியதாக இருக்கும். கூடவே, சர்க்கரைப் பொடி தூவிய பென்யே என்ற சதுரப் பலகாரம். கறுப்புச் சட்டை வேண்டாம்!

பகலில் செயின்ட் சார்லஸ் டிராம் ஏறுங்கள். 1835 முதல் ஓடும் தடம். ஓக் மரங்களின் அடியில், பெரிய மாளிகைகளின் ஓரமாகப் போகிறது. இரவில் 1961இல் தொடங்கிய ஜாஸ் அரங்கமான பிரிசர்வேஷன் ஹால். சின்னக் கூடம், மர பெஞ்சு. காதுக்கு மட்டும்தான் வேலை. குடிக்க விரும்பினால் கச்சேரி முடிந்தபின் ரை விஸ்கியில் கலக்கும் சாசரக் ஒன்று, நிதானமாக.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். கோடையில் புழுக்கமும் கடுமை. வசந்த காலமே உகந்தது, கிராஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறாலும் அப்போதுதான் மலிவு. பெரிய வியாழன் அன்று ஊரில் இருக்க முடிந்தால், டூக்கி சேஸில் பலவகைக் கீரைகளைப் போட்டுச் செய்யும் பச்சைக் கம்போவுக்கு முன்கூட்டியே இடம் சொல்லி வையுங்கள்.