கைநாட்டு போச்சு, கையெழுத்து வந்தாச்சு... அப்புறம்?



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது நினைவிருக்கும். நம் குழு ஒன்றுக்குக் கடன் வந்தது. கைக்கு வந்த பணம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. போய்க் கேட்டால், காப்பீட்டுக்கு என்று ஒரு தொகையைப் பிடித்திருக்கிறார்கள். "நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்று தாளை எடுத்துக் காட்டினார்கள். 12 பேர் கையெழுத்தும் வரிசையாக இருந்தது. அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. ஊக்குநர் உட்பட.

அன்றைக்கு ஓர் அக்கா கேட்டார்: "நம்ம குழுவுக்குப் பயிற்சின்னா கணக்கு எழுதச் சொல்லித் தர்றாங்க. அதுக்கு மேல படிக்க வைக்க ஆரு இருக்கா? தொழிற்சங்கத்துல படிக்க வைக்கிறாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?" நிஜம்தான். கொடி பிடிப்பதும் ஊர்வலம் போவதும் மட்டும் சங்கம் இல்லை. குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் இருக்கிற ஒரு பெண்கள் சங்கத்தைப் பற்றி இந்த இதழில் சொல்கிறோம். பெயர் 'சேவா'. சுயதொழில் செய்யும் பெண்கள் சங்கம் என்பதன் சுருக்கம் அது. காய்கறிக் கூடை சுமப்பவர், பீடி சுற்றுபவர், ஊதுவத்தி உருட்டுபவர், வயல் வேலைக்குப் போகிறவர், உப்பளத்தில் நிற்பவர் என்று நம்மைப் போன்றவர்கள்தான் உறுப்பினர்கள். இன்றைக்கு 20 லட்சத்துக்கும் மேல்.

இது எப்படி வந்தது? அகமதாபாத்தில் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் ஒன்று 1920-ல் தொடங்கியது. காந்தியும் அனசூயா சாராபாயும் சேர்ந்து ஆரம்பித்தது. 1954-ல் அந்தச் சங்கம் பெண்கள் பிரிவு ஒன்றை வைத்து, ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்குத் தையல், நூற்பு என்று வகுப்பு நடத்தியது. 1968-ல் அந்தப் பிரிவின் பொறுப்புக்கு வந்தவர் இலா பட் என்ற வழக்கறிஞர். குஜராத்தில் பெண்களைப் பெயரோடு 'பென்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். நாம் அக்கா என்பது போல. அவரை எல்லோரும் இலாபென் என்றே கூப்பிட்டார்கள். 2022 நவம்பரில் காலமானார்.

1971-ல் ஜவுளிச் சந்தையில் துணி மூட்டை சுமக்கும் பெண்கள் அவரிடம் வந்தார்கள். எத்தனை மூட்டை தூக்கினோம் என்று எழுதி வைக்க ஆளில்லை, வியாபாரி கொடுத்ததுதான் கூலி என்ற நிலை. இலாபென் இதைப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கள் நியாயமான கூலிதான் கொடுக்கிறோம்" என்று அவர்களும் பத்திரிகையில் விலாவாரியாக எழுதினார்கள். சங்கத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வியாபாரிகள் சொன்ன அந்தக் கூலி விவரத்தையே சின்ன அட்டைகளில் அச்சடித்து மூட்டை சுமக்கும் பெண்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். 'நீங்க சொன்ன கூலிதானே, கொடுங்க' என்று அட்டையை நீட்ட வேண்டியதுதான். ஒரு துண்டுத் தாளுக்கு எவ்வளவு பலம் என்று அந்தப் பெண்கள் படித்த முதல் பாடம் இது என்று சொல்லலாம்.

மறு வருஷம், 1972 ஏப்ரலில், சேவா தொழிற்சங்கமாகப் பதிவானது. அதற்கும் லேசில் விடவில்லை. "உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று தொழிலாளர் துறையில் கேட்டார்கள். யாரையும் எதிர்க்கத்தான் சங்கமா, உழைக்கிறவர்கள் ஒன்றுசேரவும் சங்கம்தான் என்று வாதாடிப் பதிவு வாங்கினார்கள்.

1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குப் பணம் போட்டுச் சொந்தமாகக் கூட்டுறவு வங்கி ஆரம்பித்தார்கள். பதிவுக்குப் போகும் இடத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்ற பேச்சு வந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். நம் குழு ஆரம்பித்தபோது ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் நாமும் இப்படித்தான் எழுதிப் பழகினோம், இல்லையா? எழுதத் தெரியாத வாடிக்கையாளருக்கு அந்த வங்கி வேறொரு வழி கண்டது. கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டது. எழுத்து வரும்வரை காத்திருக்கச் சொல்லாமல் சேமிப்பை ஆரம்பித்து வைத்தார்கள். எங்களுக்கு இது ரொம்பப் பிடித்தது.

இனிப் படிப்புக்கு வருவோம். உறுப்பினர்களுக்கான பயிற்சிக்கென்று 1991-ல் 'சேவா அகாடமி' தொடங்கினார்கள். அங்கே முதலில் சொல்லித் தருவது அ, ஆ இல்லை. 'நான் யார்?' என்பதுதான் முதல் பாடம். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறவர் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "சும்மாதான் இருக்கேன்." காலையில் பால் கறந்து, களை எடுத்து, சாயங்காலம் ஆயிரம் பீடி சுற்றுகிற கைதான் 'சும்மா' இருக்கிறது! அந்தப் பயிற்சியில் ஒவ்வொருவரும் தன் வேலை என்ன, எத்தனை மணி நேரம், அந்தப் பொருள் யார் கைக்குப் போகிறது, கடைசியில் என்ன விலைக்கு விற்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். நான் தொழிலாளி என்ற சொல் அப்போதுதான் வாயில் வருகிறது. அதற்குப் பிறகுதான் சட்டம், கூலி, சங்கம் எல்லாம்.

எழுத்தறிவு வகுப்புக்கு 'வாழ்க்கைப் பள்ளி' என்று அர்த்தம் வருகிற பெயர் வைத்திருக்கிறார்கள். பாடம் வேலையில் இருந்தும் வீட்டில் இருந்தும் எடுக்கப்படுகிறது. பஸ் எண், பாஸ் புத்தகம், கூலிச் சீட்டு. நம் ஊரில் 1990-களில் அறிவொளி வந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் பெண்கள் சைக்கிளே ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது படித்த பலருக்கு இப்போது எழுத்து மறந்துவிட்டது. புத்தி மட்டு என்றா மறந்தது? வகுப்பு முடிந்த பிறகு படிக்க ஒன்றும் இல்லாமல் போனதுதான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். தினமும் தொடுகிற தாளில் இருந்து படித்தால் மறக்காது.

சேவாவில் வேலை எப்படி நடந்திருக்கிறது என்று பார்க்கப் 11 கேள்விகள் வைத்திருக்கிறார்கள். வேலை கூடியதா, வருமானம் கூடியதா, சத்தான சாப்பாடு கிடைத்ததா, உடம்பு நன்றாக இருக்கிறதா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வழி உண்டா, வீடு எப்படி, சொத்து ஏதும் சேர்ந்ததா, அமைப்பு பலமானதா, தலைமை ஏற்க ஆள் வந்தார்களா, சொந்தக் காலில் நிற்கிறோமா, எழுதப் படிக்க வந்ததா? நம் கூட்டத்தில் வராக்கடன் எவ்வளவு என்ற ஒரே கேள்வியோடு எழுந்து போய்விடுகிறோம்.

படிக்காதவருக்குப் பெரிய கருவி எதற்கு என்று நினைக்க வேண்டாம். 1984-ல் அமெரிக்காவிலிருந்து மார்த்தா ஸ்டூவர்ட் என்ற பெண்மணி வந்து, சேவா பெண்கள் 20 பேருக்கு வீடியோ எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். எழுத்தே தெரியாத காய்கறிக்காரப் பெண்களும் அதில் இருந்தார்கள். கேமரா பொத்தான்களைப் படம், அடையாளம் வைத்துக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் எடுத்த படங்கள் மற்ற ஊர் உறுப்பினர்களுக்குப் பாடமாகப் போயின. ஒரு கிராமத்துப் பெண் சொல்வதை இன்னொரு கிராமத்துப் பெண் கேட்டால் மனசில் தைக்கத்தானே செய்யும்.

பிள்ளைகள் விஷயம்தான் முக்கியம். "எம் மவ இந்தப் பீடித் தட்டைத் தொடக் கூடாது" என்று சொல்லாத தாய் நம்மில் யார்? சேவாவிலும் அதே பேச்சுதான். வளரிளம் பெண்களுக்கு 'ஆகாஷ்கங்கா' என்று தனி இதழ் நடத்தினார்கள். கட்டட வேலைக்கென்று 2003-ல் 'கார்மிகா' என்ற பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். கொத்து வேலை, டைல்ஸ் பதிப்பது, வர்ணம் அடிப்பது எல்லாம் அங்கே பெண்களுக்கு. நம் ஊரில் 20 வருஷம் கல்லும் கலவையும் சுமந்தாலும் பெண் சித்தாள்தான். நேற்று வந்த பையன் இரண்டே வருஷத்தில் கொத்தனார். கூலியில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி முடித்துவிட்டால் மட்டும் கரண்டி கைக்கு வந்துவிடாது. மேஸ்திரி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருத்தியாகப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். 20 பேராக, சங்கமாகப் போய்க் கேட்டால்தான் பேச்சு நடக்கும். படிப்பும் சங்கமும் அங்கே ஒன்றாக இருப்பது இதனால்தான்.

நம் பிள்ளைகளுக்கு இப்போதே கிடைக்கக்கூடியதையும் சொல்லிவிடுகிறோம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருப்பவரின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்ற வாரியங்களில் பதிந்தவர் பிள்ளைகளுக்கும் கல்வி உதவி உண்டு. அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டால் ஒன்றும் வராது. போன வருஷம் நம்மில் சிலர் அப்படித்தான் இழந்தார்கள்.

அந்தக் காப்பீட்டு விஷயத்துக்கு வருவோம். எழுதிக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தாங்கள் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றின் நகலைக் கொண்டு வாருங்கள். கடன் விண்ணப்பமோ, காப்பீட்டுத் தாளோ, எதுவானாலும் சரி. பத்தாவது படித்த பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் அவளையும் கூட்டி வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் அந்தத் தாளை வரி வரியாகப் படிப்போம். அதற்குப் பிறகு வரவு செலவு.